டிரைவர் சீட்டுக்கு அடியில்

திருவண்ணாமலைக்குச் சாமி கும்பிடப் போகாத ஒரே மலேசியாக்காரன் அநேகமாக நானாகத்தான் இருப்பேன். நான் போனது ஒரு பழைய ஜீப்பைப் பார்க்க. முழு ஜீப்பைக்கூட இல்லை. அதில் டிரைவர் உட்காரும் சீட்டுக்கு அடியில் இருக்கும் ஒரு சாண் தகட்டைப் பார்க்க.

சிரிப்பதானால் சிரித்துவிடுங்கள். ஈப்போவில் என் வீட்டில் எல்லோரும் சிரித்து முடித்துவிட்டார்கள். எங்கள் வீட்டுக் கார் கொட்டகையில் கார் நிற்பதில்லை. இரண்டாம் உலகப்போர் காலத்து ராணுவ ஜீப் ஒன்றும், ரப்பர் தோட்டத்துத் துரைமார் ஓட்டிய லேண்ட்ரோவர் ஒன்றும் நிற்கின்றன. அலமாரி நிறைய பழைய டிரைவர் கையேடுகள், பித்தளைத் தகடுகள், பெட்ரோல் சுமந்த ஜெர்ரி கேன்கள், விமானத்துக்குப் பயந்து முக்காடு போட்ட யுத்தகால விளக்குகள். மழை வந்தால் எங்கள் கார் நனையும், இவை நனையாது. என் மனைவி இவை எல்லாவற்றையும் சேர்த்து "உங்கப்பா சொத்து" என்பாள். கிண்டலாகச் சொன்னாலும் அது உண்மைதான்.

அப்பா பெயர் வேலு. ஜப்பான்காரன் சரணடைந்த பிறகு இந்தியப் பட்டாளம் மலாயாவில் வந்து முகாம் போட்டபோது, எங்கள் தோட்டத்து இளவட்டங்கள் சிலரை வேலைக்குச் சேர்த்துக்கொண்டார்கள். அதில் அப்பாவும் ஒருவர். அங்கே அதிகாரியின் ஜீப்பைத் தான் ஓட்டியதாக அப்பா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அதற்குச் சாட்சியாக ஒரு புகைப்படம் வைத்திருந்தார். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி ஒருவன் உட்கார்ந்திருப்பான், தொப்பி நிழலில் முகம் கரியாக இருக்கும். பக்கத்தில் இன்னொருவன் வாளியோடு குனிந்திருப்பான், அவன் முகமும் தெரியாது. உட்கார்ந்திருப்பது தான், வாளிக்காரன் குப்புசாமி என்பார் அப்பா. பின்னாளில் தோட்டத்துக்கு லேண்ட்ரோவர் வந்து துரை டிரைவர் தேடியபோது, இந்தப் படத்தைக் கொண்டுபோய்க் காட்டித்தான் வேலை வாங்கினார். டிரைவர் மகன் என்பதால் நான் டவுனில் இங்கிலீஷ் பள்ளிக்கூடம் போனேன். குப்புசாமி மாமா தெம்பு இருந்தவரை ரப்பர் மரம்தான் சீவினார்.

தோட்டத்தில் பாதிப் பேர் அப்பாவை நம்பவில்லை. கள்ளுக்கடைப் பக்கம் அவர் தலை தெரிந்தாலே, "பட்டாளத்து டிரைவர் வர்றாரு, வழிய விடுங்கடா" என்று இளிப்பார்கள். அந்த இளிப்பைக் கேட்டுத்தான் நான் வளர்ந்தேன். அப்பா பதிலுக்கு ஒன்றை மட்டும் சொல்லிக்கொண்டே இருப்பார். பட்டாளம் கப்பலேறுவதற்கு முன், பெட்ரோல் டாங்கியைக் கழற்றிக் கழுவிய அன்று, டிரைவர் சீட்டுக்கு அடியில் ஆணியால் புள்ளி புள்ளியாகக் குத்திப் பெயர் எழுதிவைத்தாராம். "அந்த வண்டி எங்க கிடந்தாலும் என் பேரு அதுல இருக்கும்" என்பார். அந்தப் பெயரைப் படமெடுத்து வந்து, இளித்தவர்களில் உயிரோடு இருப்பவர்களின் முகத்துக்கு நேரே நீட்ட வேண்டும். என் சேகரிப்பு முழுக்க இந்த ஓர் ஆத்திரத்தில் தொடங்கியதுதான்.

இந்த ஜீப்புகளைத் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பெட்ரோல் டாங்கி டிரைவர் சீட்டுக்கு அடியில் இருக்கும். பெட்ரோல் போட வேண்டுமென்றால் டிரைவர் எழுந்து சீட்டைத் தூக்க வேண்டும். என் கொட்டகைக்கு வருகிறவர்கள் டாங்கி மூடியைத் தேடி வண்டியை இரண்டு சுற்றுச் சுற்றுவார்கள். ஒருநாள் குப்புசாமி மாமா வந்தார். ஒன்றும் பேசாமல் நேராகச் சீட்டைத் தூக்கி, மூடியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, திரும்பப் போய்விட்டார். வண்டி கழுவியவருக்குத் தெரியாதா என்று நினைத்துக்கொண்டேன். இரண்டு வருஷத்துக்கு முன் அவரும் போய்ச் சேர்ந்தார்.

சென்னையில் பழைய வண்டிச் சாமான் விற்கும் ஒருவரோடு எனக்குப் பல வருஷமாகக் கடிதத் தொடர்பு. அவர்தான் எழுதினார். கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்துக் கிராமத்தில் ஒரு ஜைன விவசாயி வீட்டில் ஜீப் நிற்கிறது, முன் கிரில்லில் ஒன்பது துளை. ராணுவ ஜீப்புக்குத்தான் ஒன்பது, ஊர் ஜனங்களுக்கு விற்றதில் ஏழுதான். பானெட்டில் பெயிண்ட் உரிந்த இடத்தில் தெரியும் எண், நான் நகலெடுத்து அனுப்பிய அப்பாவின் படத்தில் இருக்கும் அதே எண். பட்டாளம் கப்பலில் திருப்பிக் கொண்டுவந்து, சென்னையில் ஏலம் விட்ட வண்டிகளில் ஒன்று. அன்றைக்கே கிளம்ப முடிவு செய்தேன்.

புறப்படும்போது வழியனுப்ப சரோஜா வந்தாள். குப்புசாமி மாமாவின் மகள். எங்கள் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி இருக்கிறாள். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் நான் இருந்தவரை ஒரே பெஞ்சு. "திருவண்ணாமலையா? எனக்கு ஒரு பொட்டலம் விபூதி மட்டும் வாங்கிட்டு வா, போதும்" என்றாள். எதற்குப் போகிறேன் என்று விவரமாகச் சொன்னேன். "ஓ" என்றாள். முகம் ஒருமாதிரி ஆனது. பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

*

போய் இறங்கிய அன்று பௌர்ணமி. இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. மலையைச் சுற்றி நடக்க ஒரு நாட்டு ஜனமே வந்திருந்தது. பஸ்காரர் எங்கேயோ ஊருக்கு வெளியே இறக்கிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார். நின்றிருந்த ஓர் ஆட்டோக்காரரிடம் ரமணாசிரமம் பக்கம் போக வேண்டும் என்றேன்.

"பௌர்ணமி சார். இன்னிக்கு ஒரு வண்டியும் உள்ள வுடமாட்டாங்க. நடந்துடுங்க, புண்ணியம் ஜாஸ்தி."

"எனக்குப் புண்ணியம் வேண்டாம்பா, ரூம்தான் வேண்டும்."

"ரூமு இன்னிக்குக் கம்மி சார். புண்ணியம்தான் கெடைக்கும்."

நடந்தேன். என் பெட்டியில் துணி குறைவு. கம்பி பிரஷ், சுரண்டி, காந்தம், ஸ்பேனர் செட்டு, கேமரா என்று இரும்புதான் அதிகம். எல்லோரும் வெறுங்காலோடும் வெறுங்கையோடும் அரோகரா போட்டுக்கொண்டு போக, நான் மட்டும் பழைய இரும்புக் கடையை இழுத்துக்கொண்டு கூட்டத்தில் முட்டி மோதினேன். "யோவ், பொட்டிய ஓரமா இழு" என்று ஒரு பெண்மணி அதட்டினாள். இப்படியாக, எண்ணமே இல்லாமல் கிரிவலத்தில் கால்வாசி முடித்தேன்.

செங்கம் சாலையில் ஒருவழியாக ஓர் அறை கிடைத்தது. வீட்டுக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நீங்க ஃபாரினா, நம்மாளா?" என்று கேட்டார். மலேசியா என்றேன். அவருக்குக் குழப்பம் தீரவில்லை. கடைசியில் வாடகைக்கு ஃபாரின் என்றும், கட்டிலுக்கு நம்மாள் என்றும் முடிவு செய்தார். மெத்தை வெள்ளைக்காரர்களுக்கு மட்டுமாம்.

மறுநாள் காலையில் பசியாறப் போன கடையில் வாழைப்பழ பான்கேக் இருந்தது, இட்லி இல்லை. பக்கத்து மேசையில் இரண்டு வெள்ளைக்காரர்கள். "உண்மையான மௌனம் என்பது நாக்கை அடக்குவது இல்லை" என்றார் ஒருவர். "அதைத்தான் நானும் ஆறு மாதமாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்" என்றார் மற்றவர். நான் தேநீர் குடித்து முடிக்கும்வரை மௌனத்தைப் பற்றி உரக்கப் பேசிக்கொண்டிருந்தார்கள். தேநீரும் சகிக்கவில்லை. எங்கள் ஊரில் இரண்டு குவளைக்கு நடுவே ஒரு முழம் இழுத்து நுரை கட்டித் தருவான். இங்கே வெந்நீரில் ஒரு பொட்டலத்தை நூல் கட்டித் தொங்கவிட்டுக் கொடுத்தார்கள். சொந்த மொழி பேசும் ஊருக்கு இவ்வளவு தூரம் வந்து, அங்கேயும் அடுத்தவன் காலைச் சாப்பாட்டைச் சாப்பிடும்படி ஆனதே என்று எரிச்சல் வந்தது.

கீழ்பென்னாத்தூருக்கு வேனில் போனேன். ஏழு பேர் உட்காரும் வேனில் எத்தனை பேர் இருந்தோம் என்று எண்ண முடியவில்லை, கழுத்தைத் திருப்ப இடமில்லை. பாதி வழியில் டயர் வெடித்தது. டிரைவர் இறங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். ஸ்டெப்னியைப் பஞ்சர் ஒட்டக் கொடுத்தவர், வாங்க மறந்துவிட்டாராம். எங்கள் ஊராக இருந்தால் ஆளாளுக்குக் கத்தியிருப்பார்கள். இவர்கள் ஒரு வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்து, மகளுக்கு எங்கே சம்பந்தம் பேசியிருக்கிறது என்பதுவரை பேசி முடித்தார்கள். கத்தியது நான் ஒருவன்தான்.

"கோவப்படாதீங்க சார். கோவப்பட்டா டயர் வந்துடுமா?" என்றார் ஒரு பெரியவர். மடியிலிருந்து ஒரு கை வேர்க்கடலையை எடுத்து நீட்டினார். இந்தப் பக்கம் அதை மல்லாட்டை என்கிறார்கள், நாங்கள் கச்சான் என்போம். அதை உரித்துத் தின்றுகொண்டே நானும் உட்கார்ந்தேன். பிறகு மல்லாட்டை மூட்டை ஏற்றிய டிராக்டர் ஒன்று வந்தது. காடு மேடு ஏறும் வண்டிகளைப் பற்றி நாலு நாட்டு இதழ்களுக்குக் கடிதம் எழுதுகிற நான், மூட்டைமேல் தொற்றிக்கொண்டு அந்தக் கிராமத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். இடுப்பு இன்னும் சரியாகவில்லை.

*

வீட்டுக்காரர் பெயர் தரணேந்திரன். ஐம்பது வயதிருக்கும். நயினார் என்று ஊரில் மரியாதையாகக் கூப்பிடுகிறார்கள். தமிழ் பேசும் ஜைனக் குடும்பம், அந்த மண்ணில் எத்தனை தலைமுறையாக இருக்கிறார்கள் என்று அவர்களுக்கே தெரியவில்லை. நெல்லும் மல்லாட்டையும் போடுகிறார். அவரும் மனைவி பத்மாவதியும் மட்டும்தான் வீட்டில் இருந்தார்கள்.

"மலேசியாவுலேர்ந்தா வர்றீங்க? இந்த ஓட்டை வண்டியப் பாக்கவா?" என்று அவர் வாய்விட்டுச் சிரித்தார். இதுவரை என்னைப் பார்த்துச் சிரித்தவர்களில் குத்தாமல் சிரித்தவர் அவர் ஒருவர்தான்.

ஜீப் மாட்டுக்கொட்டகைக்குப் பக்கத்தில் நின்றது. வெள்ளை பெயிண்ட். ராணுவ ஜீப்புக்கு வெள்ளை பெயிண்ட்! ஒன்பது துளைகளைக் கையால் தடவி எண்ணினேன். பானெட்டில் உரிந்த இடத்தில் எண் மங்கலாகத் தெரிந்தது. புகைப்படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதேதான். என்னைப் பார்த்துவிட்டு அவர் ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டார்.

பிறகு ஒவ்வொன்றாகப் பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரியத் தொடங்கியது. இன்ஜின் மாறியிருந்தது. "பெட்ரோல் கட்டுப்படி ஆவல சார். டீசல் இன்ஜின் வெச்சுட்டோம். பழசு கொஞ்ச நாள் கெணத்துல தண்ணி எறைச்சுது" என்றார். கண்ணாடிக்குக் கீழே துப்பாக்கி செருகும் கொக்கி இருக்க வேண்டும், அது இல்லை. டிரைவருக்கு எதிரே மூன்று பித்தளைத் தகடுகள் இருக்க வேண்டும். எந்தத் தொழிற்சாலை, எந்த மாதம், எந்தப் படை என்று வண்டியின் ஜாதகமே அதில்தான் இருக்கும். ஆணி அடித்த துளைகள் மட்டும் மிச்சமிருந்தன.

"தகடுங்களா? அப்பா உருக்கிட்டாரு. நல்ல பித்தளைனு விளக்கு பண்ணிக் கோயில்ல மாட்டிட்டாரு."

"உருக்கிட்டாரா!"

"கொலைக்குப் போன வண்டி சார். யுத்தம் சம்பந்தப்பட்டது ஒண்ணும் அதுல இருக்கக்கூடாதுனுட்டாரு. அத எடுத்தாத்தான் வீட்டு வாசல்ல நிறுத்துவேன்னாரு. துப்பாக்கிக் கொக்கிய மட்டும் உருக்கல, கெணத்துல போட்டுட்டாரு."

"ஏன்?"

"இரும்பு ஆச்சே. உருக்க வெளிய குடுத்தா எவனாவது கத்தி பண்ணிட்டான்னா?"

எனக்கு வந்த கோபத்தை எப்படிச் சொல்வது? அப்படி ஒரு தகட்டுக்காக நான் ஆஸ்திரேலியாவுக்குக் கடிதம் போட்டுக்கொண்டிருக்கிறேன். இவர் அப்பா மூன்றை உருக்கித் திரி போட்டிருக்கிறார். ஏலத்தில் எடுத்த பொருள், அவர் இஷ்டம், சரி. ஆனால் சரித்திரம் என்று ஒன்று இருக்கிறதே என்று ஒரு குட்டிப் பிரசங்கமே செய்தேன். தரணேந்திரன் பொறுமையாகத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். என் முகத்தைப் பார்த்துப் பாவமாக இருந்ததோ என்னவோ, கோயிலுக்குக் கூட்டிப்போய் அந்த விளக்கைக்கூடக் காட்டினார். உள்ளங்கை அகல விளக்கு. ஓர் எழுத்தாவது தப்பியிருக்காதா என்று எட்டிப் பார்த்தேன். வழவழவென்று இருந்தது.

திரும்பி வரும்போது பயந்துகொண்டே கேட்டேன். "சீட்டுக்கு அடியில் ஒரு பெயர் இருந்ததா? ஆணியால் குத்தின மாதிரி?"

"அட, உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று நின்றுவிட்டார். "இருக்கும் சார். தகடு கழட்ட வந்த ஆளு அதையும் அரத்தால ராவிடட்டுமானு கேட்டான். அப்பா வுடல. 'அது ஆயுதம் இல்லடா, மனுஷன் பேரு. எவனோ புள்ளகுட்டிக்காரன், இருந்துட்டுப் போவட்டும்'னாரு. நான் சின்னப் பையனா பாத்திருக்கேன், இன்னா பேருனு ஞாபகம் இல்ல. அப்புறம் பெயிண்டு மேல பெயிண்டு அடிச்சு மூடிக்கிச்சு."

அந்த நிமிஷம் அவர் அப்பாவுக்குத் தகடு, இன்ஜின், கொக்கி எல்லாவற்றையும் மன்னித்துவிட்டேன். ஓடிப்போய்ச் சீட்டைத் தூக்கினேன். டீசலுக்கு மாறியபோது டாங்கியை வேறு இடத்துக்கு மாற்றியிருந்ததால் அடித்தகடு திறந்து கிடந்தது, தலையை உள்ளே விட்டுச் சுரண்டத் தொடங்கினேன்.

பெயிண்ட் அப்பளம் மாதிரி அடுக்கடுக்காக இருந்தது. மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்து, ஓர் ஓரத்திலிருந்து மெதுவாக எடுக்க வேண்டும். அவசரப்பட்டால் எழுத்தும் போய்விடும். வெயில் சாயத் தொடங்கியிருந்தது.

பத்மாவதி அம்மா வந்து நின்றார். "சார், ஒரு வா சாப்புட்டுட்டு வந்து பாருங்க. பொழுது எறங்குது."

"அஞ்சே நிமிஷம்மா. நீங்க சாப்பிடுங்க."

அவர் போய்விட்டு மறுபடி வந்தார். "எலை போட்டாச்சுங்க."

"இதோ வந்துட்டேன்."

மூன்றாம் முறை அவர் வரவில்லை. வாசல்படியில் நின்று பார்த்தார், சூரியனை ஒரு தரம், என்னை ஒரு தரம். தரணேந்திரன் என் பக்கத்தில் டார்ச் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மெல்லத் தொண்டையைச் செருமினார்.

கீழ் ஓரத்தில் முதல் புள்ளிகள் தெரிந்தன. கம்பி பிரஷால் துடைத்தேன். ஒரு கொம்பு, பெரிதாகச் சுழித்த கொம்பு. என் பள்ளிக்கூட நோட்டு அட்டைகளில் அப்பா பெயர் எழுதித்தரும்போது போடுகிற அதே சுழி. வே. பக்கத்தில் லு.

"வேலு!" என்று கத்திவிட்டேன். "எங்கப்பா! எங்கப்பா பேரு!"

தரணேந்திரன் என் முதுகில் தட்டினார். "பத்மா, இங்க வா, சாரோட அப்பா பேரு இருக்குது பாரு" என்று கூப்பிட்டார். அந்த அம்மா ஓடிவந்து எட்டிப் பார்த்து, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் அழுகை வந்தது. ஐம்பது வருஷ இளிப்பு அந்த நிமிஷத்தில் அடங்கியது. இளித்தவர்களின் பெயர்களை மனதுக்குள் வரிசையாகச் சொல்லிக்கொண்டேன்.

கேமராவை எடுப்பதற்கு முன், மிச்சத்தையும் சுத்தமாக எடுத்துவிடலாம் என்று தோன்றியது. வேலுவுக்கு முன்னால் இன்னும் புள்ளிகள் இருந்தன. துடைத்தேன்.

க்ளீனர் வேலு.

அதற்கு மேலே ஒரு வரி இருந்தது. கை தானாகச் சுரண்டியது, நான் சுரண்டவில்லை.

டிரைவர் குப்புசாமி.

குப்புசாமி மாமாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சம்பள நாளில் கட்டைவிரலை மசியில் ஒற்றிக்கொண்டு நிற்பார். இரண்டு வரியும் ஒரே கை, ஒரே சுழி. அப்பாதான் எழுதியிருக்கிறார். இருபது வயதுகூட ஆகாத அப்பா, யார் டிரைவர், யார் க்ளீனர் என்று வெட்கமில்லாமல், சந்தோஷமாக, தன் கையால் ஆணி பிடித்துக் குத்தி வைத்திருக்கிறார். பெயர் இருக்கும் என்றார். இருக்கிறது. அதில் அவர் பொய்யே சொல்லவில்லை.

"மேல இருக்கறவரு யாரு சார்?" என்று தரணேந்திரன் கேட்டார்.

"எங்க தோட்டத்துக்காரர்."

"ரெண்டு பேரும் சிநேகிதங்களா?"

"ஆமாம்" என்றேன்.

"அவரு புள்ளைங்க இருக்காங்களா?"

"ஒரு மகள்."

"சொல்லுங்க சார். சந்தோஷப்படுவாங்க."

நான் தலையை வெளியே எடுத்தபோது சூரியன் இறங்கிவிட்டிருந்தது. கை கழுவிக்கொண்டு போய் உட்கார்ந்தேன். ஒரே ஓர் இலை போட்டிருந்தது. பருப்பும் நெய்யும், அவரைக்காய்க் கூட்டு, மோர்க்குழம்பு, மல்லாட்டைத் துவையல். இரண்டு வாய் சாப்பிட்ட பிறகுதான் கேட்கத் தோன்றியது.

"நீங்க ரெண்டு பேரும் சாப்பிடலையா?"

"நாங்க காலையில பாத்துக்கறோம்" என்றார் பத்மாவதி அம்மா.

"ஏன்? இப்பவே சாப்பிடலாமே."

அவர் கணவரைப் பார்த்தார். தரணேந்திரன் சங்கடமாகச் சிரித்தார். "பொழுது போயிட்டா நாங்க சாப்புடறதில்ல சார். வெளிச்சத்துலயே முடிச்சுக்குவோம், எங்க வழக்கம்."

"அப்ப முன்னாடியே சாப்பிட்டிருக்கலாமே?"

"வூட்டுக்கு வந்தவரு கொட்டகைல உக்காந்திருக்கறப்ப நாங்க எப்படிங்க உக்காந்து சாப்புடறது?"

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வந்திருப்பேனே!" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது.

"அப்பா பேரத் தேடிக்கினு இருக்கீங்க. அந்த நேரத்துல எங்க வயித்தப் பத்திச் சொல்லலாமா?" என்றார் பத்மாவதி அம்மா. "ஒரு ராத்திரிதானே. சாப்புடுங்க. துவையல் போதுமா, இன்னும் கொஞ்சம் வெக்கட்டா?"

அந்தச் சோற்றை நான் எப்படி விழுங்கினேன் என்று எனக்குத்தான் தெரியும்.

காலையில் தரணேந்திரன் ரம்பத்தோடு வந்தார். "அந்தத் தகட்ட மட்டும் அறுத்துத் தரேன் சார், எடுத்துக்கினு போங்க. எங்களுக்கு என்னாத்துக்கு? உங்க அப்பா பேரு உங்ககிட்ட இருக்கட்டும்." படம் போதும் என்று கிளம்பினாலும், உள்ளுக்குள் ஆசை இதுதான். கெஞ்சியாவது, விலை பேசியாவது எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்று வழியெல்லாம் மனதுக்குள் பேசிப் பார்த்துக்கொண்டு வந்த பேச்சு, பேசாமலே பலித்துவிட்டது. வேண்டாம், வண்டி நாசமாகிவிடும் என்றேன். அவர் என்னை ரொம்ப நல்லவன் என்று நினைத்துக்கொண்டார். ஒரு பை நிறைய மல்லாட்டை கொடுத்து பஸ் ஏற்றிவிட்டார். கேமராவில் ஒரு படம்கூட எடுக்கவில்லை.

*

திருவண்ணாமலை டவுனில் இறங்கியதும் முதலில் கண்ணில் பட்ட ஐ.எஸ்.டி. பூத்துக்குள் நுழைந்தேன். வீட்டுக்குப் பேசத்தான் நினைத்தேன். விரல் சரோஜா வீட்டு நம்பரை அழுத்தியது. கண்ணாடிக்கு வெளியே மலை பெரிதாக நின்றது. தலைக்கு மேலே மீட்டரில் சிவப்பு எண்கள் ஓடத் தொடங்கின.

"செல்வமா? என்னா, அங்கேருந்து கூப்பிடுற? எல்லாம் நல்லாத்தான இருக்கு?"

"பார்த்துட்டேன் சரோஜா. ஜீப்பைப் பார்த்துட்டேன்."

"ம்."

"பேரு இருக்கு. டிரைவர் குப்புசாமின்னு இருக்கு."

பின்னால் அவர்கள் வீட்டு மிக்ஸி ஓடி நின்றது.

"உனக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரியும். எங்க வீட்டுல எல்லாருக்கும் தெரியும்."

"அவர் ஏன் சொல்லல? அன்னைக்குத் துரைகிட்டப் போய், நான்தான் ஓட்டினேன்னு சொல்லியிருக்கலாமே."

"அப்ப நீ உங்கம்மா வயித்துல இருந்த. வேலுவுக்குத்தான் இந்த வேலை வேணும்னு அப்பா விட்டுட்டாரு. அப்புறம் உங்கப்பா அதையே சொல்லிச் சொல்லி நிசமாக்கிட்டாரு. போவட்டும்னுட்டாரு."

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம். நான் எத்தனை வருஷமா இதைத் தேடிக்கிட்டிருக்கேன்!"

அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலை.

"நீ எங்க கேட்ட செல்வம்? ஒரு நட்டு காணோம், ஒரு தகடு காணோம்னு ஆஸ்திரேலியா வரைக்கும் கடுதாசி போட்ட. அப்பா நாலு வீடு தள்ளித்தான் படுத்திருந்தாரு. வாசல்ல வந்து நின்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பாரு."

எண்கள் ஓடிக்கொண்டிருந்தன.

"சரி விடு" என்றாள் அவளே. "விபூதி வாங்கிட்டியா? மறந்துடாத."

கோயில் பக்கம் நான் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கோபுரம் எந்தத் திசையில் இருக்கிறது என்பதையும் கவனிக்கவில்லை.

"அப்பவே வாங்கிட்டேனே" என்றேன். கொஞ்சமும் தடுமாறாமல் வந்தது. அப்பா பேசியதுபோலவே இருந்தது.